புலி முகத்தில் மூன்று கோடு

மதினி,

நேற்றுச் சாயங்காலம் வீட்டில் விளக்கெண்ணெய் வாசம். உடனே உங்கள் நினைப்பு வந்துவிட்டது. பேத்திக்கு ஹாலோவீனாம்; அடுக்ககத்துப் பிள்ளைகளெல்லாம் முகத்தில் பேய், பூனை என்று வரைந்துகொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குமாம். என் மகள் சுமதி அரிசி மாவில் மஞ்சளும், விளக்கெண்ணெயில் கரியும் குழைத்து வைத்திருந்தாள். பூனைக்கு மீசை மட்டும் நான் வரையவேண்டும் என்றாள். முதலில் பேத்தியின் முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு வைத்துப் பார்த்தாள்.

"எதுக்குடி இம்புட்டுச் சோதனை?"

"அந்தப் பக்கத்து வீட்டு அத்தை எனக்குப் பண்ணுன மாதிரி எம்பிள்ளைக்கும் ஆயிரக்கூடாதுல்ல."

எனக்குச் சுருக்கென்றது.

எண்பதுகளின் தொடக்கம் அது. கே.கே. நகரில் நம் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். பள்ளியில் மாறுவேடப் போட்டி என்றால் தெருப்பிள்ளைகள் அத்தனையும் காலையிலேயே உங்கள் வாசலில் நிற்கும். விளக்கெண்ணெயில் கரி குழைத்து நீங்கள்தான் எல்லாருக்கும் முகம் வரைவீர்கள். "சிரிக்காத, கோடு கோணிரும்" என்பீர்கள். சுமதிக்குப் புலி வேஷம். மஞ்சள் முகம், கன்னத்துக்கு மூன்று கறுப்புக் கோடு. மூன்றாம் வீட்டுச் சிங்கத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றெரிச்சல். நம் புலி மங்கலாகத் தெரிந்தது. பிள்ளையை வீட்டுக்குள் இழுத்துப் போய், என் வீட்டுக்காரர் மீசைக்குப் போடும் டையை விரலில் தொட்டு, உங்கள் கோடுகள் மேலேயே பூசிவிட்டேன். மீசைக்கு ஆகிறது முகத்துக்கு ஆகாதா என்று நினைத்த கூறுகெட்டவள் நான்! இரண்டாம் பரிசாக ஒரு சோப்பு டப்பா கிடைத்தது.

மத்தியானம் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தீர்கள். மஞ்சள் போனது. கோடு போகவில்லை. "எரியுது அத்தை" என்று பிள்ளை அழுதாள். நீங்கள் நிமிர்ந்து, டைக் கறை படிந்த என் விரலைப் பார்த்தீர்கள். நான் அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை சுமதியின் முகம் உப்பி, இரண்டு கண்ணும் மூடிக் கிடந்தன. "அம்மா, லைட்டைப் போடும்மா" என்றாள். வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிக்கு நீங்களும் ஓடி வந்தீர்கள். "என்ன போட்டீங்க? மறைக்காமச் சொல்லுங்க, அதை வச்சுத்தான் மருந்து" என்றார் டாக்டர். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். வாயைத் திறந்தேன். பக்கத்தில் நின்ற வீட்டுக்காரரின் கோபத்தை நினைத்ததும் மூடிக்கொண்டேன். பெற்ற பிள்ளையின் கண்ணைவிட எனக்குப் பயம் பெரிதாகப் போயிற்று, மதினி. எழுதவே கை கூசுகிறது.

"நாந்தான் டாக்டர். மையில தலைக்குப் போடுற டையைக் கலந்துட்டேன்" என்றீர்கள்.

"அறிவிருக்கா உங்களுக்கு? பச்சப்பிள்ளை கண்ணு போயிருந்தா என்ன பண்ணுவீங்க?" என்று என் வீட்டுக்காரர் வராந்தாவே அதிரக் கத்தினார். தலை குனிந்து நின்றீர்கள். நானும் நின்றேன், கல்லு மாதிரி.

மூன்றாம் நாள் சுமதி கண்ணைத் திறந்தாள். அதன்பிறகு எந்தத் தாயும் உங்கள் வாசலுக்குப் பிள்ளையை அனுப்பவில்லை. சுவருக்கு மேலே குழம்புக் கிண்ணம் மட்டும் எப்போதும்போல வந்தது. ஒரு வார்த்தை கேட்டதில்லை நீங்கள். நாலு அறை அறைந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

நேற்று சொல்லிவிட்டேன். "அத்தை இல்லடி. அந்த டையைப் பூசுனது நாந்தான்."

சுமதியின் கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதை அத்தைகிட்டயாவது சொன்னியாம்மா?"

"இல்ல" என்றேன்.

பூனைக்கு மீசையை அவளே வரைந்து முடித்தாள்.

நீங்கள் கடைசியாகக் குழம்பு கொடுத்த எவர்சில்வர் கிண்ணம் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது, மதினி. வெறுங்கிண்ணமாகத் திருப்பித் தரக்கூடாதென்று, நல்லதாக ஏதாவது செய்து போட்டுத் தரலாம் என்று வைத்திருந்தேன். அதற்குள் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள்.