சத்தம் போடாத கதவு

மார்ச் 4

இயக்குநர் காலையிலேயே எடிட்டிங் அறைக்கு வந்துவிட்டார். சின்ன வயசு, எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி அவசரம். அவருடைய பேய்ப் படத்துக்கு டிரெய்லர் வெட்டித் தரவேண்டும். எடுத்து வைத்திருக்கும் காட்சிகளில் பேய் வீடு ஓட்டல் வரவேற்பறை மாதிரி இருக்கிறது. அத்தனை தூண், அத்தனை சிலந்தி வலை.

"இதுக்கு யாரும் பயப்பட மாட்டாங்க சார். நேத்து வரைக்கும் ஆள் சாப்பிட்டுத் தூங்கின வீடா இருக்கணும். அப்பதான் பாக்கறவங்களுக்கு அவங்க வீடு ஞாபகம் வரும்."

"அப்படி ஒரு வீட்டுக்கு நான் எங்க மேடம் போவேன்?"

என் வீட்டுக்கு வாங்க என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

மார்ச் 6

வந்து சுற்றிப் பார்த்தார். படுக்கையறைச் சுவரில் அலமாரி இருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது. "இது நீங்களே பண்ணதா மேடம்?" என்றார். இல்லை, என் கணவர் பண்ணியது. கடைவாய்ப் பல் வலிக்கிறது என்று பல் டாக்டரிடம் போனவர். பல் சரியாகிவிட்டது, ஆள்தான் திரும்பவில்லை. இப்போது அந்த டாக்டரம்மா வீட்டில் இருக்கிறார். அப்புறம் ஆள் விட்டு எடுத்துப்போன அலமாரியும் அங்கேதான்.

வீடு எங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது. விற்பதென்று பேசி, வாங்க ஒரு தம்பதியும் கிடைத்துவிட்டார்கள். அடுத்த மாதம் பத்திரம். அது முடிந்தால் அவர் என்னை அழைக்க ஒரு காரணமும் மிஞ்சாது. இப்போதாவது தரகர் வந்தாரா, வரி ரசீது எங்கே என்று அந்தக் குரல் காதில் விழுகிறது. அதற்காகவா உட்கார்ந்திருக்கிறேன்? ஆமாம், அதற்காகத்தான். வெட்கம் கெட்டவள்.

மார்ச் 9

வீட்டில் படப்பிடிப்பு. வாடகைக்குக் கொண்டுவந்த நாற்காலிகளைக் கவிழ்த்துப் போட்டு, சிவப்பு விளக்கெல்லாம் கட்டினார்கள். எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னேன். சாப்பாட்டு மேஜையில் இரண்டு தட்டு, ஒரே ஒரு நாற்காலி. படுக்கையறைக் கதவு ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்திருக்கட்டும். வேறொன்றும் வேண்டாம்.

"பயங்கரம் மேடம்! எப்படி யோசிக்கிறீங்க?"

யோசிக்கவே இல்லை. இன்னொரு நாற்காலியை என் கணவர் எடுத்துப் போய்விட்டார். இரண்டாவது தட்டை நான் இன்னும் பழக்கத்தில் வைத்துத் தொலைக்கிறேன்.

மார்ச் 13

இன்று சத்தம் சேர்த்தேன். தொடக்கத்திலிருந்தே ஃபிரிட்ஜின் முனகலை அடியில் ஓடவிட்டேன். ஓடும்போது யாருக்கும் தெரியாது, நின்றால்தான் அது இருந்ததே தெரியும். குழாய்ச் சொட்டை நிறுத்தினேன், மின்விசிறியை நிறுத்தினேன், கடைசியில் ஃபிரிட்ஜையும். பார்ப்பவர் தன் மூச்சைத் தானே கேட்கட்டும். அப்போது கதவு மெல்லத் திறக்க வேண்டும்.

பாழாய்ப்போன கதவு, சத்தமே போடவில்லை. வழுக்கிக்கொண்டு திறக்கிறது. வேறொரு பழைய கதவின் கிறீச்சை எடுத்து ஒட்டினேன். உடனே திரை இருட்டு. இயக்குநர் துள்ளியதில் டீ மடியில் கொட்டியது. தொடை வெந்தும் முகமெல்லாம் சிரிப்பு.

என் கணவர் போன அன்று இந்தச் சத்தம்கூட இல்லை. நான் தூங்கிக்கொண்டிருந்தேன். எழுந்தபோது வீடு காலி.

மார்ச் 20

டிரெய்லர் வெளியானது. அக்கா போன் செய்தாள். "அடியே, உன் சமையலறை டைல்ஸை எத்தனை தடவை நானே தேய்ச்சுக் குடுத்திருக்கேன்! அதைப் பாத்து எனக்கே உடம்பு உதறுதுடி. இனிமே உன் வீட்டுக்குத் தனியா வரமாட்டேன்." ரொம்ப நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தேன்.

மார்ச் 22

வீட்டை வாங்க இருந்த அம்மா கூப்பிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. அந்த ரூம்ல படுக்கவே மாட்டேன்னு எங்க பொண்ணு ஒரே அழுகை. அவளை விடுங்க, எனக்கே ஒரு மாதிரியா இருக்கு." வீடு வேண்டாமாம்.

மன்னிப்புக் கேட்டு போனை வைத்தேன். அப்புறம் சந்தோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பத்திரம் கிடையாது! கோபத்தில் அவர் கூப்பிடுவார், கத்துவார். கத்தட்டுமே.

மார்ச் 23

கூப்பிடவில்லை.

மார்ச் 25

கூப்பிட்டார். என்ன கேட்டால் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். ஒன்றுக்கும் வேலை வரவில்லை.

"டிரெய்லர் பாத்தேன். நம்ம கதவுல சத்தம் வராதே?"

"நான் ஒட்டினது."

"அதான் பாத்தேன். மாசாமாசம் எண்ணெய் விடுவேன்ல. ராத்திரி வேலை முடிஞ்சு வந்து பகல்ல தூங்குவ, முழிச்சுக்கக் கூடாதுன்னு."

எனக்குத் தெரியாது. காதை வைத்துப் பிழைப்பவள், இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூடத் தெரியவில்லை.

அப்புறம் சொன்னார்: "வீட்டை விக்க வேணாம், நீயே வெச்சுக்கோ. என் பங்கை உன் பேருக்கு எழுதிக் குடுத்துடறேன். அப்புறம் என்னால உனக்கு ஒரு தொந்தரவும் இருக்காது."

தொந்தரவாம்! எனக்கு வீடா வேணும்? சரிங்கன்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்ல? என் தூக்கம் கெடக் கூடாதுன்னு எண்ணெய் விட்டான், அந்தக் கதவைத் திறந்துதானே நான் தூங்கறப்போ போனான் — சத்தமே இல்லாம! ஒரு கிறீச் வந்திருந்தா முழிச்சிருப்பேனே. முழிச்சு? என்னத்தைக் கேட்டிருப்பேன்? தெரியல. போகாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன்ல...

ஏப்ரல் 11

பத்திர அலுவலகம். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். பல் எப்படி இருக்கு என்றேன். "பரவாயில்ல" என்றார். கைரேகை வைத்த மையைத் துடைக்க என் கைக்குட்டையை வாங்கினார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

மே 2

படம் நன்றாக ஓடுகிறதாம். அடுத்த படத்துக்கும் என் வீடுதான் வேண்டும் என்கிறார் இயக்குநர். முடியாது என்றேன்.

ஆகஸ்ட் 19

படுக்கையறைக் கதவு இன்று கிறீச்சிட்டது. நிஜமாகவே. நான் ஒட்டியதைவிட மோசம்.

எண்ணெய்க் குப்பியை எங்கே வைத்திருப்பார்? பரணில் தேடினேன், கருவிப் பெட்டியில் தேடினேன். இல்லை. கேட்கலாம் என்று போனைக் கையில் எடுத்து, பெயர் வரைக்கும் போய், வைத்துவிட்டேன்.

சமையல் எண்ணெயில் நாலு சொட்டு விட்டுக் கதவை ஆட்டினேன். அடங்கிவிட்டது. அப்புறம் அதைத் திறந்தே போட்டுவிட்டுப் படுத்தேன்.