பாதி மைதானம் தெரியும் மொட்டை மாடி

பிப்ரவரி 8, புதன்

காலையில் நல்ல பனி. மாடியில் காயப்போட்ட மிளகாய் நமத்துப் போயிற்று. மறுபடி பரப்ப வேண்டும்.

வாங்க: து. பருப்பு, துணிக்கு நீலம், ஊசி. ஊசி போன வாரமும் மறதி.

சாயங்காலம் காதர் வந்தான். பக்கத்து வீட்டு கதீஜா அக்காவின் தம்பி. பாலக்கரை ஃபுட்பால் செட்டுக்கு இப்போது அவன்தான் கேப்டன். மீசை சரியாக முளைக்கவில்லை, அதற்குள் கேப்டன். உள்ளே வரச் சொன்னேன், வாசலிலேயே நின்றான். அப்போதே தெரிந்தது, நல்ல சேதி இல்லை.

"சவரி அண்ணே, சனிக்கிழமை பொன்மலைக்காரங்களோட ஆட்டம். நீங்கதான் கோல்ல நிக்கிறீங்க. அதுக்கப்புறம் பாத்துக்கலாம்."

"பாத்துக்கலாம்னா?" என்றார் இவர்.

"இல்லண்ணே, பசங்க சொல்றாங்க. சார்லஸ் காலேஜ்ல நல்லா நிக்கிறானாம். ஆளும் உசரம்."

இவர் சரி என்று ஒரே சொல். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்தக் கம்பங்களுக்கு நடுவில் நிற்கிற மனுஷர். காதோரம் நரை வந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவதா? காதருக்குக் காபி போட எடுத்து வைத்த பாலை உறை ஊற்றிவிட்டேன்.

சாப்பிடும்போது, "அவ்வளவுதான் போல, செலின்" என்றார்.

"எது, ரசமா? இன்னும் இருக்கு" என்றேன். சிரிக்கவில்லை.

பிப். 10, வெள்ளி

ஆட்டத்துக்கு இவர் போடுகிற பச்சை பனியனைத் துவைத்துப் போட்டேன். தோள்பட்டையில் கிழிசல். ஊசி இல்லை. கதீஜா அக்காவிடம் கடன் வாங்கித் தைத்தேன்.

கல் பட்டை தீட்டுகிற பட்டறையில் இவருக்கு வேலை. விரல்தான் முதல். பந்தைப் பிடித்து ஒரு விரல் பிசகினால் பட்டறையில் வேலை இல்லை, வீட்டில் உலை இல்லை. விட்டுத் தொலையுங்கள் என்று வருஷா வருஷம் நான்தான் கத்தியிருக்கிறேன். இப்போது அவர்களே விடச் சொல்லும்போது எனக்கு ஏன் வயிறு எரிய வேண்டும்? தெரியவில்லை. எரிகிறது.

நாளைக்கு ஆட்டம் நம்ம கோயில் மைதானத்தில். பெண்கள் அங்கே போய் நிற்கிற வழக்கம் இல்லை. நானும் கதீஜா அக்காவும் எங்கள் மொட்டை மாடியில்தான். ஒரே கஷ்டம், புகையிலைக் கிடங்கின் கூரை குறுக்கே நிற்கிறது. மைதானத்தின் கிழக்குப் பாதி மட்டும் கண்ணுக்குத் தெரியும். மேற்குப் பாதியில் என்ன நடந்தாலும் சத்தத்தை வைத்து ஊகம் பண்ண வேண்டியதுதான்.

அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்திருக்கிறேன் என்று அக்காவிடம் சொன்னேன்.

"ஏத்துடி. நான் துஆ கேக்கறேன். ரெண்டு பக்கமும் சொல்லி வச்சா ஒரு பக்கமாவது காதுல விழும்."

"உங்க தம்பிதானே இவரை நிறுத்தப் பாக்கறான்?"

"அவனுக்கு என்ன தெரியும்" என்றாள். கொஞ்சம் சங்கடப்பட்டாள், பாவம்.

பிப். 11, சனி

தோற்றோம். மூன்றுக்கு ஒன்று.

நான் பார்த்ததை இப்போதே எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு ஊர் பேசுவதெல்லாம் நான் பார்த்ததாக ஆகிவிடும்.

முதல் பாதியில் இவர் கிழக்கு கோலில். எங்கள் பக்கம். சாயங்கால வெயில் நேராக முகத்தில். பொன்மலைக்காரர்கள் பூட்ஸ் போட்ட கால், நம்மவர்கள் வெறுங்கால். பந்து திரும்பத் திரும்ப இவரிடமே வந்தது. மார்பில் வாங்கினார், முழங்காலில் தட்டினார், ஒன்றை மண்டையால் முட்டி வெளியே தள்ளினார். அப்புறம் காதர் கையில் பந்து பட்டுத் தொலைத்தது. பெனால்டி.

கதீஜா அக்கா முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டாள். "முடிஞ்சதும் சொல்லுடி."

நான் மூடவில்லை. பொன்மலை ஆள் ஒருத்தன் பின்னால் போய் ஓடிவந்து உதைத்தான். இவர் இடது பக்கம் முழு நீளத்துக்கு விழுந்தார். பந்து விரலில் பட்டுக் கம்பத்துக்கு வெளியே போயிற்று. கத்தல் அடங்கிய பிறகுதான் பார்க்கிறேன், மிளகாய் மேல் ஏறி நிற்கிறேன்.

"என்னடி ஆச்சு?"

"தடுத்துட்டாருக்கா."

"அல்ஹம்துலில்லாஹ். எதுக்குடி அழுவுற?"

"மிளகாய் நெடிக்கா."

இரண்டாவது பாதியில் பக்கம் மாறினார்கள். இவர் கிடங்குக்குப் பின்னால் போய்விட்டார். கிழக்கு கோலில் பொன்மலை ஆள். கொஞ்ச நேரத்தில் காதர் மூலையிலிருந்து வெட்டிக்கொண்டு வந்து ஒரு கோல் போட்டான். கண்ணால் பார்த்தோம். அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள். ஜெயித்தாயிற்று என்றே நினைத்தோம்.

அதன் பிறகு கிடங்குக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம். நம்ம ஆட்கள் சத்தம் இல்லை. "ஓரத்துல போயிருக்கும்" என்றேன். மறுபடியும் அதே சத்தம். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது தடவை கேட்டபோது நான் குனிந்து மிதிபட்ட மிளகாயைப் பொறுக்கினேன்.

ஆட்டம் முடிந்து ஜனங்கள் எங்கள் தெரு வழியாகத்தான் போனார்கள். ஒருத்தன்: "கிழவனை நிக்க வச்சா இப்படித்தான்." இன்னொருத்தன்: "காலுக்கடியில போவுதுய்யா, குனிய முடியல மனுஷனால." மிளகாயை அள்ளி அவன் தலையில் கொட்டியிருப்பேன். அக்கா தடுத்துவிட்டாள்.

இவர் கடைசியாக வந்தார். வலது மோதிர விரல் வீங்கியிருந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போட்டேன். திட்ட வேண்டியதை நாளைக்கு வைத்துக்கொண்டேன்.

பிப். 12, ஞாயிறு

பூசைக்குப் போனோம். மெழுகுவர்த்தி ஏற்றினேன், தோற்றாலும் நேர்ந்தது நேர்ந்ததுதான். வாசலில் ஆளாளுக்கு இவரைத் துக்கம் விசாரித்தார்கள். சார்லஸும் நின்றான். நல்ல உயரம்தான்.

மதியம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"மூணு செலின். மூணும் நான் விட்டது."

"நான் பாக்கலையே" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்குத் தெரியறது பாதி மைதானம். அந்தப் பாதியில உங்களைத் தாண்டி ஒரு பந்து போகல. எதிர்வெயில், பெனால்டி வேற. காதர் கோல் போட்டதும் அந்தப் பாதியிலதான். நான் பாத்த ஆட்டத்துல நாமதான் ஜெயிச்சோம்."

சோற்றைத் தட்டின் ஓரமாகத் தள்ளினார். அப்புறம் மெதுவாக, "இடது பக்கம் விழுந்தேனே, அது பாத்தியா?"

"முழங்கை தேஞ்சதுகூடப் பாத்தேன்."

கை கழுவினவர் டம்ளர்களை எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தார். உப்பு ஜாடி இவர். அரிவாள்மணை கிடங்கு. முதல் கோல் காதர் காலில் பட்டுத் திரும்பியது, அதை யாராலும் தடுத்திருக்க முடியாது. இரண்டாவது இவர் தப்பு. மூன்றாவதுக்கு ஓரடி முன்னால் வந்திருந்தால் போதும். அந்த ஓரடியை ஜாடியை நகர்த்தி நகர்த்திக் காட்டினார். கல்யாணமான நாளிலிருந்து இன்றைக்குத்தான் மேற்குப் பாதியைப் பார்க்கிறேன்.

மறுபடி உட்கார்ந்து மோர் சாதம் சாப்பிட்டார்.

பிப். 14, செவ்வாய்

விரல் வற்றிவிட்டது. பட்டறைக்குப் போனார். பயப்பட்ட அளவுக்கு ஒன்றுமில்லை, ஆண்டவருக்கு நன்றி.

கதீஜா அக்கா தெருவெல்லாம் பெனால்டிக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறாள். எந்தக் காலால் உதைத்தான், எந்தக் கை முதலில் போயிற்று, எல்லாம். கண்ணை மூடிக்கொண்டு இவ்வளவு பார்த்திருக்கிறாள்.

சாயங்காலம் இவர் ஆட்டம் பழக மைதானத்துக்குப் புறப்பட்டார். போக வேண்டாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. ஈரத் துணியைக் கொடுத்து விரலில் சுற்றிக்கொள்ளச் சொன்னேன்.

பிப். 15, புதன்

பனி குறைந்துவிட்டது, பகலில் வெயில் உறைக்கிறது. ஊசி வாங்கியாயிற்று.

காதர் மறுபடி வந்தான். இந்தத் தடவை உள்ளே வந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, எங்க அக்கா ஞாயித்துக்கிழமையிலேருந்து என்கிட்ட பேசறதில்ல. அத விடுங்க. நேத்து சார்லஸுக்கும் உங்களுக்கும் மாத்தி மாத்தி பெனால்டி அடிச்சோம்ல, நீங்கதான் நிறைய தடுத்தீங்க, அதுக்கப்புறம் பசங்களே சொல்லிட்டாங்க. உறையூர்க்காரங்க வர்ற சனிக்கிழமை இங்கதான் ஆடுறாங்க. நீங்களே நில்லுங்க. இன்னும் ஒரு ஆட்டம் பாப்போம்."

ஒரு ஆட்டம்தான். இருக்கட்டும். காபி போட்டேன், நல்ல திக்காக.

புறப்படும்போது இவர் கூப்பிட்டார். "காதர், டாஸ் ஜெயிச்சா மேற்கு கோல் எடு. ரெண்டாவது பாதிக்கு, ஆட்டம் முடியறப்ப, நான் கிழக்குல நிக்கிறேன்."

"ஏண்ணே? போன ஆட்டத்துல முதல் பாதியிலேயே அங்க கண்ணு கூசுச்சே."

"எனக்கு அந்த வெயில்தான் தோதுப்படுது."

காதர் தலையைச் சொறிந்துகொண்டே போனான். இவர் என் பக்கம் திரும்பவில்லை, டம்ளரை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். பொழுது சாயச் சாய வெயில் அங்கே இன்னும் மோசமாக அடிக்கும். பாலக்கரையில் அது தெரியாதவர்கள் இல்லை.

நாளைக்கே மிளகாயை டின்னில் போட வேண்டும். சனிக்கிழமை மாடியில் நிற்க இடம் வேண்டும்.