இறக்கத்தில் இறங்கி நடந்தவள்

அன்புள்ள அப்பாவுக்கு ஜெபசீலி எழுதுவது. ஓசூரில் கர்த்தர் கிருபையால் நானும் ஃபெபாவும் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

லாரி ரோட்டில் ஆபத்து என்று பேத்தியின் கிக் ஸ்கூட்டரைப் பூட்டி வைக்கச் சொன்னீர்கள். நேற்று வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது ஃபெபாவைப் பார்த்தேன். லாரிகள் வரும் இறக்கத்தில் பையன்கள் ஸ்கூட்டர்களில் சறுக்கிப் பாய்ந்தார்கள். இவள் ஹெல்மெட்டோடு இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓரமாக நடந்தாள்.

"ஏய் ஆயா, வூடு சேர விடிஞ்சிடும்!" என்றான் ஒருவன்.

"விடியட்டும்டா, முழுசா போய்ச் சேருவேன்."

டிரைவர் சிரித்தார். "யார் பொண்ணு மேடம் அது?"

"என் பொண்ணு!" பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். எப்போதும் ஜன்னலோரம் பேசாமல் வருபவள் நான்.

ஸ்கூட்டரைப் பூட்டவில்லை, அப்பா. இரவு போனில் சேர்ந்து ஜெபிக்கும்போது மைக்கை அணைக்காமல் வையுங்கள். நீங்கள் பாடுவது கேட்கட்டும். காலை பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

ஜெபசீலி