உன் தலையில் வைத்த சத்தியம்

ஹவுன்ஸ்லோ,
வியாழக்கிழமை

அன்பு மகன் கிருஷாந்துக்கு,

பிள்ளையார் துணை. இங்கே நானும் அம்மாவும், அக்கா மயூராவும் அவளுடைய கைக்குழந்தையும் சுகம். உன் சுகத்துக்கும் ஆண்டவனை வேண்டுகிறேன் என்று ஒரு வரி எழுதிவிட்டு மற்றக் கதைக்குப் போவதுதான் வழக்கம், எனக்கு இன்று அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. போனில் கதைத்தால் நீ என்னை வாய் திறக்க விடமாட்டாய், ஓகே அப்பா, லவ் யூ அப்பா என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். தமிழில் இருப்பதால் உன் அறையில் இருக்கிற மற்றப் பெடியன்கள் எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் விளங்காது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு உன்னை அழ அழ இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றைக்காவது ஒரு பலன் கிடைத்தது.

எயர்போட்டில் பொதி ஏற்றும் வேலையில் எனக்கு இந்தக் கிழமை முழுக்க விடியற்காலை ஷிப்ட். அம்மா வெள்ளி தவறாமல் விம்பிள்டன் கோவிலுக்குப் போகிறா, அங்கே ஆரும் உன்னைப் பற்றிக் கேட்டால் நீ விளையாடுவது பேஸ்பால் என்று சொல்லி விளங்கப்படுத்த அவவுக்கு ஏலாது. போன கிழமை ஒரு மனுசி, உங்கட மகன் வெஸ்ட் இண்டீசுக்குக் கிரிக்கெட் விளையாடவெல்லோ போனவர் என்று கேட்க, ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறா. வீட்டுக்கு வந்து, கண்டறியாத விளையாட்டு, வாயில நுழையாத ஊர், என்று எனக்குத்தான் ஏச்சு. நீ இருக்கிற இடம் டொமினிக்கன் குடியரசு என்று ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறேன். குழந்தை நல்லாகப் பால் குடிக்கிறான், இரவில் மட்டும் அக்காவை நித்திரை கொள்ள விடுகிறான் இல்லை.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். போன வெள்ளிக்கிழமை என் இடைவேளை நேரம் பார்த்து நீ போன் எடுத்தாய். பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகு நீயும் உன் அறைத் தோழனும் மைதானத்தில் தனியாக நின்று விளையாடினீர்கள் என்றும், நீ எறிந்த பந்தை அவன் அடிக்க அது நேரே திரும்பி வந்து உன் காதுக்கு மேலே பட்டது என்றும் சொன்னாய். சும்மா தலையிடிதான் அப்பா, ஆருக்கும் சொல்லாதேங்கோ, சொன்னா என்னை உட்கார வச்சிடுவாங்கள், பிறகு வீட்டுக்கு அனுப்பிடுவாங்கள் என்றாய். உங்களுடையது ஆகக் கீழ்ப்படி அணி, சீசன் முடியும்போது பாதிப் பேரைக் கழித்துவிடுவார்கள் என்பது எனக்கும் தெரியும். என் வாய் ஓட்டை என்று உனக்குத் தெரியும், அதனால் என்ரை தலையில சத்தியம், தலையாணை சொல்லுங்கோ அப்பா என்று நின்றாய். நானும் விசரன் மாதிரி, பொதிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, உன் தலையாணை ஆருக்கும் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நீ வந்தாய். குழந்தையைப் பார்த்துச் சிரித்தாய், பிறகு அக்காவிடம், இவனுக்குப் பேர் வச்சிட்டீங்களோ என்று கேட்டாய். ரவீன் என்று பேர் தெரிவு செய்து தந்ததே தாய்மாமன் நீதானே. பதிவு செய்த அன்று எங்களோடு சேர்ந்து கை தட்டினாயே. நீ பகிடி விடுகிறாய் என்று அக்காவும் அம்மாவும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை தம்பி. வீட்டுக்குள்ளே இருந்துகொண்டு கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாய். வெளிச்சம் கூசுது என்றாய்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தலையில் கை வைத்துச் செய்த சத்தியத்தை முறித்தால் அந்தத் தலைக்குத்தான் கேடு என்று சொல்லி வளர்ந்தவன் நான். சொன்னால் உனக்கு ஏதும் வந்துவிடுமோ, சொல்லாமல் விட்டால் நாளைக்கு இன்னொரு பந்து அதே இடத்தில் பட்டுவிடுமோ என்று இரண்டு பக்கமும் பயம். வேலையில் ஒரு சூட்கேசைத் தப்பான வண்டியில் ஏற்றி ஏச்சும் வாங்கினேன். அக்காவிடம் கேட்கலாம் என்றால் அதுவும் சத்தியத்தை முறிப்பதுதான். நீ சேர்ந்த அன்று அணியின் வைத்திய உதவியாளர் பியற்றிஸ் தன் நம்பரைத் தந்திருந்தா, உன் மகனுக்கு ஏதும் என்றால் எந்த நேரமும் எடு என்று.

இன்று இரவு அவவுக்குப் போன் எடுத்துச் சொல்லிவிட்டேன். பந்து பட்டதையும் சொன்னேன், குழந்தையின் பேரை நீ மறந்ததையும் சொன்னேன். எந்த நாள், எந்தப் பக்கம் பட்டது என்று அந்த மனுசி கேட்டு எழுதிக்கொண்டா. பிறகு, நாளைக் காலையிலேயே தலைநகரத்துக்குக் கூட்டிப்போய்த் தலையை ஸ்கான் எடுப்போம், அதுவரை பந்தைத் தொட விடமாட்டேன் என்றா. உன் இடம் போய்விடுமா என்று கேட்டேன். தெரியாது என்றா. பொய் சொல்லாததால் எனக்கு அவவில் மரியாதை வந்தது.

உன் பத்து வயதுக் கனவில் நானே மண் போட்டுவிட்டேன் என்று நீ நினைப்பாய். நினை. என்னோடு எத்தனை மாதம் கதைக்காமல் இருந்தாலும் பொறுத்துக்கொள்வேன். சுவர் இருந்தால்தான் தம்பி சித்திரம். சத்தியம் முறித்த பழி உன்னைத் தொடக் கூடாது, எது வந்தாலும் என் தலைக்கு வரட்டும் என்று பிள்ளையாருக்கு முன்னால் போய்ச் சொல்லிவிட்டுத்தான் போனை எடுத்தேன்.

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை, ஸ்கான் முடிவு வரட்டும். தண்ணீர் நிறையக் குடி. இன்று இரவு தனியாகப் படுக்காதே, தோழனைப் பக்கத்தில் இருக்கச் சொல்லு, இடையில் எழுப்பிப் பார்க்கச் சொல்லு. சத்தி, வாந்தி ஏதும் வந்தால் விடியும்வரை பார்த்திருக்காதே, உடனே பியற்றிசுக்குச் சொல்லு. எல்லாத் தெய்வமும் உனக்குக் காவல் இருக்கட்டும், நூறு வயது இருப்பாய்.

காலையில் பியற்றிஸ் வந்து தட்டுவா. எனக்கு ஒன்றுமில்லை என்று உள்ளே இருந்து சொல்லாதே. கதவைத் திற, ராசா.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா
யோகராஜா