இடப்பக்கம் வேட்டி கட்டின ராசா

என் பிரியமுள்ள ஜமீலாக்கா,

நீங்க போய்ச் சேர்ந்து நேத்தோட நாப்பது நாள், உங்களுக்காகப் பாத்திஹா ஓதினாக. நெய்ச்சோறு ஆக்கியிருந்தாக, நானும் ஓரமா உக்காந்து சாப்பிட்டேன். உப்பு தூக்கல்தான். நீங்க இருந்திருந்தா சமையக்காரரை ஒரு பிடி பிடிச்சிருப்பீக. அழக்கூடாதுன்னு வைராக்கியமா வந்தவ, உங்க தையல் மிஷினைத் துணி போட்டு மூடி வச்சிருந்ததைப் பார்த்ததும் உடைஞ்சு போனேன்.

இதை ஊரே படிக்கட்டும்னுதான் எழுதுறேன் அக்கா. காரைக்குடியில உங்க வீட்டுக்காரக, நான் மச்சான்னு கூப்பிடுறவுக, தையக்கடை வச்சிருக்காக. எங்க நாடக செட்டுக்கு உடுப்பு பூரா அங்கதான். "பாய் கை பட்டா கந்தலும் ராசா உடுப்பு"ன்னு சுத்துப்பட்டுல பேரு. ஆனா வெட்டினதும் தச்சதும் நீங்க. நாடகக்காரக உடுப்பை வீட்டுப் பொம்பளை தைக்கிறது தெரிஞ்சா மாமியா மிஷினையே தூக்கிக் கிணத்துல போட்டுரும்னு பயந்து, என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தீக. மச்சான் மத்தியானம் சாப்பிட வருவாக, கதவைச் சாத்துவாக, உள்ள அவுக தூங்குவாக, நீங்க தைப்பீக. வெளிய மிஷின் சத்தம் கேட்டா, மகன்தான் தைக்கிறான்னு மாமியா நெனைச்சுக்கும்னு நம்பினோம். ராஜபார்ட்டுன்னு ராசா வேஷம் கட்டுற நான் கொல்லைப்பக்கமா வந்து அளவு குடுத்துட்டுப் போவேன்.

ஒரு நாடகம்கூடப் பார்க்காத மனுஷிக்கு அவ்வளவும் எப்படிக்கா தெரிஞ்சுச்சு? "வெளக்கு எங்குட்டிருந்து அடிக்குது? மண்டி போடுறப்ப எங்க இழுக்குது? கடைசி வரிசைக்கு என்ன தெரியும்?"னு கேட்டுக் கேட்டு என் உசுரை வாங்குவீக. நைலக்ஸ் துணி வந்த புதுசுல நான் ஆசையா ஒரு கரும்பச்சை எடுத்துட்டு வந்தேன். "அட கிறுக்கி, வெளக்குல இது கறுப்பால்ல தெரியும், ராணிக்கு எழவு உடுப்பா?"ன்னு தூக்கி எறிஞ்சீக. எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. மேடையில வச்சுப் பார்த்தா நீங்க சொன்னதுதான் சரி.

அப்புறம் அந்த வேட்டி. காணாமப்போன ராசாவோட உடுப்பை ராணி மாட்டிக்கிட்டு சபையில உக்காருற நாடகம். பாதிப் பாட்டு முடியுறதுக்குள்ள நான் சேலையை மாத்தி ராசாவாகணும். அதுக்காக வேட்டியை மடிச்சு, கொக்கி வச்சு, அப்படியே இடுப்புல மாட்டுற மாதிரி தச்சுக் குடுத்தீக. அவசரத்துல மாட்டிக்கிட்டு ஜம்முனு வந்து நின்னேன். முன்வரிசையில ஒரு பெரியவர் எந்திரிச்சு, "என்னப்பா, ராசா பாய் வீட்டு மாப்பிள்ளையாட்டம் கட்டியிருக்காரு!"ன்னாரு. கொட்டகையே சிரிச்சுச்சு. குனிஞ்சு பார்க்கிறேன், வேட்டி நுனி இடப்பக்கம்! எங்க ஆம்பளைக வலப்பக்கம் கட்டுவாக, உங்க ஆம்பளைக இடப்பக்கம்.

என் வாய் சும்மா இருக்குமா? "மந்திரியாரே, பொம்பளை அவசரத்துல ஆம்பளையானா இடம் வலம் தெரியுமா?"ன்னு ஒரு போடு போட்டேன். கைதட்டு அடங்க ரொம்ப நேரமாச்சு. என்னைக் கடிச்சுத் திங்க வந்த செட்டு முதலாளி, "இனிமே இடப்பக்கந்தான்! பாய் மூளையே மூளை!"ன்னு சொல்லி மறுநாளே மச்சானைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துனாரு. நானும் பக்கத்துல நின்னு கைதட்டுனேன்.

உங்ககிட்ட வந்து சொன்னப்ப வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சீக. "நான் நிமிந்து பார்த்த ஆம்பளையே ரெண்டு பேருதான் செல்லம், என்னைப் பெத்த அத்தாவும் இவுகளும். வலப்பக்கம் கட்டுவாகன்னு எனக்கு யாரு சொன்னா?"ன்னீக. மச்சான் கொண்டாந்த பொன்னாடையைத் தடவிப் பார்த்துட்டு, "மந்திரிக்கு ஒரு தலைப்பாகை தேறும்"னு சொல்லி அங்கயே கத்தரியை எடுத்தீக. அப்புறம் மெதுவா, "தச்சது யாருன்னு யாராச்சும் கேட்டாகளா?"ன்னீக. "பாய் கைன்னு எல்லாரும் சொன்னாக அக்கா"ன்னேன். நீங்க ஊசியில நூலைக் கோத்தீக. அந்த நேரத்துல உங்க முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இன்னைக்கும் அதை நெனைச்சா நெஞ்சு குத்துது. நான் ஏன்க்கா கைதட்டுனேன்?

நேத்து பாத்திஹா முடிஞ்சதும் மச்சான் என்னைக் கூப்பிட்டு, "செல்லம், அவ பேரை நான் தின்னுட்டேன். இனி என்னால நாடக உடுப்புக்கு ஆர்டர் எடுக்க முடியாது"ன்னு சொல்லிக் குலுங்கிக் குலுங்கி அழுதாக. சத்தம் போடாதீக, மாமி காதுல விழும்னு நான் பதறுறேன். உள்ள கட்டில்ல கிடந்த உங்க மாமியா குரல் குடுத்துச்சு: "எனக்கா தெரியாது? எம் மகன் மிதிச்சா மிஷினு கடகடன்னு ஒரே ஓட்டம். அவ மிதிச்சா நின்னு நின்னு ஓடும். யாரு தைக்கிறான்னு தெரியாமயா அத்தனை வருசம் அந்தக் கதவைத் தட்டாம இருந்தேன்?"

மச்சானும் நானும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். யாருக்குப் பயந்து அக்கா மறைச்சோம்? வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நீங்க இருக்கிறப்பவே உங்க பேரு வெளிய வந்திருக்கும்ல?

வர்ற வெள்ளிக்கிழமை அரியக்குடியில நாடகம். முதலாளி வேண்டாம்னாலும் சரி, செட்டை விட்டே போன்னாலும் சரி, முதல் பாட்டுக்கு முன்னாடி மேடையில நின்னு, "இந்த உடுப்பெல்லாம் ஜமீலா தச்சது"ன்னு சொல்லப்போறேன். மச்சான் முன்வரிசைக்கு வர்றேன்னு சொல்லியிருக்காக. சனங்க கைதட்டுமோ, முணுமுணுக்குமோ, எனக்குத் தெரியாது. எது வந்தாலும் உங்களுக்கே வரட்டும் அக்கா. இந்தத் தடவை நடுவுல நின்னு வேற யாரும் வாங்கிக்க மாட்டாக.

கூடப் பொறக்காத உங்க தங்கச்சி,
செல்லம்