பித்தப்பைக் கல்லுக்கு நீ கேட்ட கேள்வி

நண்பா,

இன்று காலை வந்த பெண்ணின் சேலையில் தையல் மெஷின் எண்ணெய் வாசம். கம்பெனியில் எல்லோருக்கும் ஸ்கேன் எடுத்தார்களாம். இவளுக்குப் பித்தப்பையில் கல். ஒரு நாளும் வலித்ததில்லை. ஆனாலும் ஆபரேஷனுக்குத் தயாராகத் துணிப்பையோடு வந்துவிட்டாள். எந்த மாதிரி வலி வந்தால் ஓடி வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். அவள் போன பிறகும் வாசம் போகவில்லை. உன்னோடு பேச வேண்டும் போல இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருப்பூரில் ஸ்கேன் சென்டர்கள் வரத் தொடங்கின. ஏப்பம் விட்டாலும் ஸ்கேன்தான். காலையில் பட்டினி, பிறகு டீயும் பன்னும் என்று ஓடும் ஊரில் வயிறு எரியாதவர் யார்? அவர்களில் சிலருக்குக் கல்லும் இருந்து தொலைக்கும். எரிச்சலுக்குக் காரணம் அந்தக் கல்தானா என்பதுதான் நம் தலைவலி. அப்போது வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும். அப்புறம் பல வாரம் மெஷினில் உட்கார முடியாது. அத்தனையும் பட்டுவிட்டு அதே எரிச்சலோடு திரும்பி வந்தால் அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது?

ஒரே ஆஸ்பத்திரியில் நான் கத்தி பிடிக்கும் டாக்டர், நீ மருந்து கொடுக்கும் டாக்டர். எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுக் கடைசியில் நீ ஒன்று கேட்பாய்: "வலி வந்தப்ப மெஷினை நிறுத்துனீங்களா, ஓட்டிட்டே இருந்தீங்களா?" தைத்த பீசுக்குத்தான் கூலி என்பதால் உப்புசத்துக்கெல்லாம் யாரும் மெஷினை நிறுத்துவதில்லை. பித்தப்பை வலி வந்தாலோ உட்காரவே விடாது. "பீஸ் ரேட்காரங்க சும்மா மெஷினை நிறுத்த மாட்டாங்க மாப்ள" என்று சிரிப்பாய். உன் கணக்கு தப்பியதே இல்லை, சரஸ்வதி வரும் வரை.

பனியன் கம்பெனியில் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் டெய்லர் அவர். ஸ்கேனில் கல் இருந்தது. வலி எங்கே என்றால் நெஞ்சுக்குழியைக் காட்டினார். நீ உன் கேள்வியைக் கேட்டாய்.

"இல்லீங்க டாக்டரு. நா வேலைக்குச் சேந்ததுல இருந்து எம்மெஷின் நின்னதே இல்லீங்க." அதைச் சொல்லும்போது மட்டும் குரலில் ஒரு பெருமிதம்.

நீ மாத்திரைச் சீட்டு எழுதத் தொடங்கினாய். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. கூட வந்திருந்தவர் சரஸ்வதியின் கைமடி, அதாவது தைத்த துணியை வாங்கி அடுக்கித் தரும் துணையாள். அவர்தான் மெதுவாகச் சொன்னார்: "மெஷின் நிக்காதுங்க சாமி. வலி வந்துட்டா அக்கா என்னைய மெஷின்ல உக்கார வெச்சுட்டு பாத்ரூம்ல போயி சுருண்டுக்கும். வாந்தி எடுக்கும். தோள்பட்டைக்கெல்லாம் இழுக்குதுங்கும். ரெண்டு மணி நேரங்கூட ஆகுமுங்க. அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி வந்து உக்காந்துக்கும்."

சரஸ்வதி அவரை முறைத்தார். வேலைக்கு ஆகாதவள் என்று பேர் வந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு. நீ பேனாவை மூடினாய். சீட்டைக் கிழித்தாய். "நாங் கேட்டது தப்புங்கம்மா. மெஷினைப் பத்திக் கேட்டுட்டேன். நீங்க எந்திரிச்சுப் போனீங்களான்னு கேட்டிருக்கோணும்" என்றாய். வெளியே வரிசை நின்றது. அத்தனை பேர் காதிலும் விழும்படிதான் சொன்னாய். நம் டாக்டர் கூட்டத்தில் யாருக்கு வரும் அந்த மனசு?

அடுத்த வாரம் நான் வயிற்றைத் திறந்தேன். பித்தப்பை தடித்து, வெந்ததுபோல் இருந்தது. குழாய் வாயில் ஒரு கல் அடைத்துக்கொண்டு நின்றது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் சீழ் பிடித்திருக்கும். மறுமாதம் சரஸ்வதி வந்தார். அந்த வலி அப்புறம் எட்டிப் பார்க்கவே இல்லை என்றார். நீ அவரிடம் கேட்டதெல்லாம், கைமடியம்மா எப்படி இருக்கிறார் என்பதுதான்.

இப்போது சின்னத் துளைகள் போட்டே எடுத்துவிடுகிறோம். மூன்றாம் நாள் நடமாடுகிறார்கள். அதனாலேயே தேவையில்லாதவருக்கும் செய்துவிடத் தோன்றும். எனக்குத் தோன்றுவதில்லை. யாருக்குப் பலன் தரும், யாருக்குத் தராது என்று துணிந்து சொல்கிறேன். சொல்வதற்கு முன் கூட வந்தவரைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க" என்கிறேன். பல நேரம் அவர்கள்தான் முழுக் கதையையும் சொல்கிறார்கள்.

உன்னைக் கடைசியாக ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்த அன்று உன் மனைவியிடமும் அப்படித்தான் கேட்டேன். நெஞ்சு வலியை மூன்று நாளாக நீ மறைத்ததை அவர் அழுதுகொண்டே சொன்னார். நீ போய்ச் சேர்ந்த பிறகும் எனக்கு உன் மேல் இன்னமும் கோபம் தீரவில்லை.