மாப்பிள்ளைக்கு ஒட்டிய குறைச்சீட்டு

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் அருளால் இங்கே எல்லோரும் நலம், உன் அத்தாவின் வாயைத் தவிர. அந்த வாயைப் பற்றித்தான் இந்தக் கடிதம், உட்கார்ந்து படி.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுதுவிட்டுப் பெண் வீட்டுக்குப் போனோம். போட்டோவை இன்னொரு முறை அனுப்பு, இன்னொரு முறை அனுப்பு என்று நச்சரித்தாயே, மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அதே பெண்தான். பெட்டியின் அடியில் கிடந்த நல்ல உடுப்பை உடுத்திக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்று வழியெல்லாம் உன் அத்தாவிடம் கெஞ்சினேன். அவருடைய கடைப் பழக்கம் உனக்குத் தெரியாததா? பழைய தையல் மிஷின் ஒவ்வொன்றிலும் மிதி இறுகும், நூல் அறும், எண்ணெய் கசியும் என்று சீட்டு எழுதி ஒட்டினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். குறையை மறைத்து விற்றால் வியாபாரத்தில் பரக்கத் இருக்காது என்பார். அது சரிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பெண்ணின் அத்தா தேநீரைக் கையில் கொடுத்து, பையனைப் பற்றிச் சொல்லுங்கள் என்றதும் நம்ம மனிதர் சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தாரே பார்க்கலாம்! கடைச் சீட்டேதான், மேலே உன் பெயர். ஓட்டம் நன்று. தொழுகை தவறாது. இரவில் குறட்டைச் சத்தம் உண்டு. சூடேறினால் இரண்டு நாள் பேச்சு நின்றுவிடும். நான் மேசைக்கடியில் அவர் காலை ஓங்கி மிதித்தேன், அது பெண்ணின் பெரியம்மா கால். கடைசி வரியில், மேற்பார்வையாளர் வேலை போய் ஐந்து மாதம் ஆகிறது, இப்போது கிடங்கில் பெட்டி அடுக்குகிறான் என்று நிறுத்தி நிதானமாகப் படித்தார். பெண்ணின் அத்தா பாதித் தேநீரோடு கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

வேலை போன விஷயத்தை நிக்காஹ் முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று போனில் உன்னிடம் சொன்னதே நான்தான், நீயும் சரிம்மா என்றாய். அந்த வயிற்றெரிச்சலில் மறுநாளே உன் அத்தாவைப் பள்ளிவாசலுக்கு இழுத்துப் போய் ஹஜ்ரத்திடம் நியாயம் கேட்டேன். ஜெயித்துவிடுவேன் என்றுதான் போனேன். அவர் சிரிப்பை அடக்கத் தாடியைத் தடவிக்கொண்டே, வேலைய நம்பித்தானே பொண்ணு தர்றாங்க, அத மறச்சா ஏமாத்துறதுதாம்மா என்று எனக்கு ஒரு குட்டு வைத்தார். அத்தா தோளை நிமிர்த்துவதற்குள் அவர் பக்கம் திரும்பி, குறட்டைய யாரு கேட்டா, அல்லாஹ் மூடி வச்சத நீங்க ஏன் தொறந்தீங்க, மிஷினுக்கு வாய் இல்ல, உங்க புள்ளைக்கு இருக்குல்ல என்றார். ஆளுக்குப் பாதித் தோல்வியோடு வீடு திரும்பினோம்.

சம்பந்தம் போய்விட்டது என்றே நினைத்தேன். திங்கட்கிழமை அந்தப் பெரியம்மா வந்தார், வேண்டுமென்றே நொண்டிக்கொண்டு. கையில் ஒரு சீட்டு, அந்தப் பெண் தன் அத்தாவுக்குத் தெரிந்தே எழுதியது. இடது கண், கண்ணாடி இல்லாமல் தெரியாது. காலைத் தேநீர் குடிக்கும்வரை பேச்சுக் கொடுக்கக் கூடாது. உப்பு விஷயத்தில் நம்ப முடியாது. மாப்பிள்ளை எனக்குத் தரும் மஹராக உங்கள் கடையில் ஒரு தையல் மிஷின் வேண்டும், குறைச்சீட்டைக் கிழிக்காமல். உன் அத்தாவுக்குத் தலைகால் புரியவில்லை, இருப்பதிலேயே நல்ல மிஷினைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். மகன் தன் உழைப்பில் கொடுப்பதுதான் அழகு, அவனிடம் முழு விலை வாங்குங்கள் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

சீட்டின் அடியில் இன்னொரு வரியும் இருந்தது. வேலை போனதை அவரே என்னிடம் சொல்லியிருப்பாரா? பதிலை அவர் எழுதட்டும், வீட்டார் வேண்டாம்.

எனக்குப் பதில் தெரியும், ஆனால் சொல்லவில்லை. என்ன எழுதட்டும் என்று இந்த ஒரு தடவை அம்மாவைக் கேட்காதே. அம்மா பேச்சைக் கேட்டு மறைத்தேன் என்று எழுதினாலும் எனக்கு வருத்தமில்லை. பெட்டி தூக்கும் கையைப் போய் மறைக்க நினைத்தேனே என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அல்லாஹ் உன் கைக்கும் வாய்க்கும் பரக்கத் தரட்டும். குனியாமல் முட்டி மடக்கிப் பெட்டி தூக்கு. முதல் கடிதம் அவளுக்கு, எனக்கு அப்புறம் எழுதினால் போதும். கீழே உன் அத்தா ஏதோ ஒட்டப் போகிறாராம், என்னைப் பார்க்க விடமாட்டேன் என்கிறார்.

துஆக்களுடன்,
உன் அம்மா

பொருள்: கடிதம். நிலை: நன்று. குறை: எழுதியவள் இரண்டு இடத்தில் அழுதாள், அதை எழுதாமல் விட்டுவிட்டாள்.